டென்னிஸ் ராக்கெட் தேர்வு: ஃப்ளெக்ஸ், ஃபீல், பவர் மூன்றையும் எந்த வரிசையில் பார்ப்பது

கடையில் போய் "பவரும் வேணும், கன்ட்ரோலும் வேணும், கையும் வலிக்கக் கூடாது" என்று கேட்டால், கடைக்காரர் எந்த ராக்கெட்டை வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம். எல்லா ராக்கெட்டின் விளம்பரத்திலும் அந்த மூன்றும்தான் எழுதியிருக்கும். கொஞ்சம் படித்துவிட்டு வருபவர்களோ நேராக ஃப்ளெக்ஸ் எண்ணில், அதாவது ஃபிரேம் எவ்வளவு வளையும் என்று காட்டும் எண்ணில், போய் நிற்கிறார்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்களில் ஒன்று. கிரிப் (கைப்பிடியின் சுற்றளவு), எடை, ஹெட் சைஸ் (ஸ்ட்ரிங் உள்ள தலையின் பரப்பு), அதன் பிறகே ஃப்ளெக்ஸ். ஒப்பிடும்போது ஸ்ட்ரிங் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வரிசை குலைந்தால் ராக்கெட்டை விட்டுவிட்டு ஸ்ட்ரிங்கையும் கிரிப்பையும் பரீட்சை செய்துகொண்டிருப்போம்.

ஆறு மாதமாவது விளையாடி, ஃபோர்ஹேண்டை முழு வீச்சில் அடிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கான வழிகாட்டி இது. சிறுவர் ராக்கெட்டுகளின் கணக்கு வேறு.

1. முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, அளவு நாடா, நோட்டு, புதிய பந்து டப்பா ஒன்று. இவற்றோடு இப்போது நீங்கள் விளையாடும் ராக்கெட். ஒப்பிட ஒன்று இல்லாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

பழைய ராக்கெட்டைத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். பிறகு மேசை விளிம்பில் குறுக்காக வைத்து மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் கவிழத் தொடங்குகிறதோ, கைப்பிடியின் அடியிலிருந்து அதுவரை உள்ள தூரம்தான் பேலன்ஸ். ஹெட் சைஸ், ஸ்ட்ரிங் பேட்டர்ன் (நெடுக்கில் எத்தனை இழை, குறுக்கில் எத்தனை இழை), என்ன ஸ்ட்ரிங், எத்தனை பவுண்டு டென்ஷனில் (இழுத்துக் கட்டிய இறுக்கம்), எப்போது போட்டது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, அந்த ராக்கெட்டின் மேல் உங்களுக்குள்ள குறை இரண்டு. மூன்றாவதை எழுத வேண்டாம். எல்லாக் குறையையும் தீர்க்கும் ராக்கெட்டைத் தேடினால் தேர்வு முடியவே முடியாது.

இங்கே பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ராக்கெட்டில் அச்சடித்திருப்பது ஸ்ட்ரிங் போடாத எடை. ஸ்ட்ரிங் போட்டால் 15 முதல் 18 கிராம் கூடும்; பேலன்ஸும் தலைப்பக்கமாக ஏறக்குறைய 10 மி.மீ. நகரும். 300 கிராம், 320 மி.மீ. என்று போட்டிருக்கும் ராக்கெட் உங்கள் கையில் 317 கிராம், 330 மி.மீ. ஆக இருக்கும். வீட்டுத் தராசில் வந்த எண்ணையும் ஃபிரேமில் அச்சடித்த எண்ணையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து, "புதுசு எடை குறைவு" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

2. மூன்று சொற்களையும் பிரித்துக்கொள்ளுங்கள்

ஃப்ளெக்ஸ் என்பது ஃபிரேம் எவ்வளவு வளைகிறது என்பது. அதை ஆர்.ஏ. என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் கூடினால் விறைப்பு, குறைந்தால் வளைவு. இன்றைய ராக்கெட்டுகள் பெரும்பாலும் 55-க்கும் 72-க்கும் நடுவில் வரும்.

பவர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊன்றிவிட்டது. "வளையும் ராக்கெட் வில் மாதிரி, பந்தை இழுத்து எறியும்" என்பார்கள். நடப்பது நேர் எதிர். பந்து ஸ்ட்ரிங்கில் இருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுதான். வளைந்த ஃபிரேம் நிமிர்ந்து பந்தைத் தள்ளுவதற்குள் பந்து போய்விடும். ஃபிரேமை வளைக்கச் செலவான ஆற்றல் அதிர்வாகக் கைக்குத்தான் வந்து சேரும். பந்தைத் திருப்பி எறிவது ஸ்ட்ரிங். ஆகவே விறைப்பான ஃபிரேமில் பவர் கூடுதல், வளையும் ஃபிரேமில் குறைவு.

ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. ஸ்ட்ரிங் பரப்பின் நடுவை ஒட்டி, அடித்தால் ஃபிரேம் கிட்டத்தட்ட அதிராத ஒரு புள்ளி உண்டு. அங்கே பட்டால் ஆர்.ஏ. 58 ஆனாலும் 70 ஆனாலும் பந்தின் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது நுனிப் பக்கமும் தொண்டைப் பக்கமும் (தலை கைப்பிடியோடு சேரும் இடம்) படும்போது. நடுவில் அடிக்கத் தெரிந்தவருக்கு ஃப்ளெக்ஸ் ஒரு ருசி. நாலாப் பக்கமும் பட்டுப் போகிறவருக்கு அது பவர் பிரச்சினை.

ஃபீல் இன்னும் வழுக்கலான சொல். அதிர்வு, ஓசை, ஸ்ட்ரிங்கின் மென்மை, கிரிப்பின் தடிமன் நான்கும் கலந்து மூளை ஒரு தீர்ப்புச் சொல்கிறது. அதில் ஃபிரேமின் பங்கு ஒரு பகுதிதான். இதற்குச் சின்ன சோதனை: டேம்ப்னரை (ஸ்ட்ரிங்கில் செருகும் சின்ன ரப்பர் துண்டு) கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் ஆடுங்கள். அதே ராக்கெட் "கடினமாக" மாறிவிட்டதாகத் தோன்றும். மாறியது ஸ்ட்ரிங்கின் ஓசை மட்டும். டேம்ப்னர் ஃபிரேமின் அதிர்வைக் குறைப்பதில்லை, முழங்கை வலிக்கும் அது மருந்தல்ல.

3. கிரிப் சைஸ்

இதை முதலில் முடிப்பதற்குக் காரணம் எளிது. கைப்பிடி சிறுத்தால் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் எந்த ராக்கெட்டும் விறைப்பாகத்தான் தெரியும்.

ராக்கெட்டைப் பிடித்தபின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் இடையில் மற்ற கையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சிறியது, இடம் மிஞ்சினால் பெரியது. பெரியவர்களுக்கான எண்கள் பெரும்பாலும் 1 முதல் 4 வரை. 2 என்பது நாலேகால் அங்குலம், 3 என்பது நாலே மூன்றெட்டு அங்குலம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் சிறியதை எடுங்கள். கைப்பிடியின் மேல் சுற்றும் மெல்லிய நாடாவான ஓவர்கிரிப் ஒன்று அரை சைஸ் கூட்டும். பெரியதைச் சிறிதாக்குவதுதான் கஷ்டம். சென்னை மாதிரி வியர்த்துக் கொட்டும் ஊரில் ஓவர்கிரிப் இல்லாமல் யாரும் ஆடப்போவதில்லை. அந்தத் தடிமனையும் சேர்த்தே அளவு பாருங்கள்.

4. எடை, பேலன்ஸ், ஸ்விங்வெயிட்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பவரையும் நிலைத்தன்மையையும் முதலில் தீர்மானிப்பது ஃப்ளெக்ஸ் அல்ல, ஸ்விங்வெயிட்.

தராசு எடை வேறு, வீசும்போது தெரியும் எடை வேறு. தலையில் எடை உள்ள 290 கிராம் ராக்கெட், கைப்பிடியில் எடை உள்ள 320 கிராம் ராக்கெட்டைவிட வீச்சில் கனமாக இருக்கலாம். இந்த வீச்சுக் கனத்தைத்தான் ஸ்விங்வெயிட் என்கிறோம். ஸ்ட்ரிங் போட்ட நிலையில் பெரியவர்கள் ராக்கெட்டுகள் பெரும்பாலும் 300 முதல் 335 வரை இருக்கும். ரோஜர் ஃபெடரர் பெயரில் வந்த வில்சன் ப்ரோ ஸ்டாஃப் ஆர்.எஃப். 97, ஸ்ட்ரிங் இல்லாமலே 340 கிராம். ஆனால் பேலன்ஸ் 305 மி.மீ., அதாவது எடை கைப்பக்கம். அந்த எடைக்கு நாம் பயப்படும் அளவு வீச்சில் கனக்காது. அதற்காக வார இறுதி ஆட்டக்காரர் அதை வாங்கலாம் என்று அர்த்தமில்லை. இரண்டாவது செட்டில் தெரியும்.

ஸ்விங்வெயிட் கூடினால் ஒரே வேகத்தில் வீசும்போது பந்து வேகமாகப் போகும், எதிராளியின் கனமான அடிக்கு ராக்கெட் பின்வாங்காது. அதற்குப் பதிலாக இழப்பது: வீச்சு மெதுவாகும், பந்தைத் தாமதமாகச் சந்திப்போம். குறைந்தால் கை வேகமாக ஓடும், சர்வுக்கும் டாப்ஸ்பின்னுக்கும் நல்லது. ஆனால் வேகமான சர்வைத் திருப்பும்போது கையில் ஆடும்.

எங்கே தொடங்குவது? புதியவர்களுக்கு ஸ்ட்ரிங் இல்லாமல் 280 முதல் 295 கிராம், ஸ்விங்வெயிட் 305 முதல் 315. ஒழுங்காக ஆடும் கிளப் ஆட்டக்காரர்களுக்கு 295 முதல் 305 கிராம், ஸ்விங்வெயிட் 315 முதல் 325. பழைய ராக்கெட்டிலிருந்து ஸ்விங்வெயிட்டில் ஒரே தாவலில் 10-க்கு மேல் போகாதீர்கள். கைக்குப் பழக்கமான நேரக்கணக்கு குலைந்துவிடும், பழியை ஃப்ளெக்ஸ் மேல் போடுவீர்கள்.

260 கிராமுக்குக் கீழே, தலை கனத்து, விறைப்பாக வரும் ராக்கெட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் கையில் எடுத்தால் இறகு மாதிரி இருக்கும், அதனாலேயே விற்கும். பந்தின் உதையைத் தாங்க ராக்கெட்டில் எடை இல்லை என்றால் மிச்சத்தை மணிக்கட்டும் முழங்கையும்தான் வாங்கும். "கைவலி இருக்கு, லேசான ராக்கெட் கொடுங்க" என்று கேட்பவர்கள் பலருக்கும் வேண்டியது அதற்கு நேர்மாறானது. (வலி தொடர்ந்தால் ராக்கெட்டை மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.)

5. ஹெட் சைஸ், பீம், பேட்டர்ன்

இது சுலபம். 95 முதல் 98 சதுர அங்குலம் துல்லியமாக அடிப்பவர்களுக்கு, 100 பெரும்பாலோருக்கு, 105-க்கு மேல் மென்மையாக வீசுபவர்களுக்கும் டபுள்ஸ் மட்டும் ஆடுபவர்களுக்கும். தலை அகலமானால் ஓரத்தில் பட்டாலும் ராக்கெட் கையில் திரும்புவது குறையும்.

பீம் என்பது ஃபிரேமின் பக்கவாட்டுத் தடிமன். 20 முதல் 22 மி.மீ. என்றால் பெரும்பாலும் வளையும் வகை, 24 முதல் 26 என்றால் விறைப்பு. ஆர்.ஏ. எண் கிடைக்காதபோது இது ஒரு குத்துமதிப்பு. பேட்டர்னில் 16×19 இடைவெளி அதிகம், பந்து உயரமாகக் கிளம்பும், ஸ்பின் பிடிக்கும். 18×20 நெருக்கம், பந்து தாழ்வாகப் போகும், ஸ்ட்ரிங் அதிக நாள் வரும். தட்டையாக அடிப்பவர் அல்லாமல் மற்றவர்கள் 16×19 எடுத்தால் வருத்தப்பட மாட்டார்கள்.

6. இப்போது ஃப்ளெக்ஸ்

இதுவரை வந்ததில் நாலைந்து ராக்கெட்டுகள் மிஞ்சியிருக்கும். அவற்றை ஆர்.ஏ. எண்ணால் மூன்றாகப் பிரியுங்கள்.

55 முதல் 61: வளைபவை. வில்சன் க்ளாஷ் 100 இந்த வரிசையின் கீழ் முனையில் வரும். அடி மென்மையாகத் தெரியும். பவரை உங்கள் கைதான் தர வேண்டும்.

62 முதல் 66: நடு வரிசை. வில்சன் பிளேட் 98 மாதிரியானவை இங்கே. எது வேண்டும் என்று தெளிவில்லாதவர்கள் இங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று கை சொல்லிவிடும்.

67-க்கு மேல்: விறைப்பு. பாபோலட் ப்யூர் டிரைவ் பல தலைமுறைகளாக 70-ஐ ஒட்டியே வருகிறது: 100 சதுர அங்குலம், 300 கிராம், 320 மி.மீ. சர்வும் தடுப்பு வாலியும் சிரமமில்லாமல் போகும். இதில் கடினமான பாலி (பாலியெஸ்டர்) ஸ்ட்ரிங்கை உயர்ந்த டென்ஷனில் போடுவதுதான் முழங்கைக்கு ஆபத்தான கூட்டு.

இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஸ்ட்ரிங் போடாமல் அளந்த ஆர்.ஏ., போட்டு அளந்ததைவிடச் சில புள்ளிகள் கூடுதலாக இருக்கும். ஒரு ராக்கெட்டுக்குத் தயாரிப்பாளர் எண்ணும் இன்னொன்றுக்கு விமர்சகர் எண்ணும் எடுத்து ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் தெரியும். இரண்டாவது, ஆர்.ஏ. ஒட்டுமொத்த வளைவைத்தான் சொல்லும், எங்கே வளைகிறது என்று சொல்லாது. தொண்டையில் வளைவதும் தலை வளையத்தில் வளைவதும் ஒரே எண்ணாக வரலாம். கைக்கு ஒன்றாகத் தெரியாது. 2, 3 புள்ளி வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 5 வித்தியாசம் இருந்தால் உணரலாம்.

7. கோர்ட்டில் சோதனை

இரண்டு ராக்கெட்டுகள் மட்டும். மூன்று எடுத்துப் போனால் கடைசியில் மூன்றும் ஒன்றாகக் குழம்பும்.

இரண்டிலும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே டென்ஷன், ஒரே நாளில் போட்டது. (நம்மூர் கோர்ட்டுகளில் ஸ்ட்ரிங்கைக் "கட்ஸ்" என்றே பலரும் சொல்கிறோம், மாட்டுக்குடலில் செய்த நேச்சுரல் கட் வேறு சங்கதி.) ஹெட் சைஸ் 98-ம் 105-ம் ஆக இருந்தால் பெரியதற்கு 2 பவுண்டு கூட்டுங்கள், நீளமான ஸ்ட்ரிங் அதே டென்ஷனில் தொய்வாகத் தெரியும். டெமோ ராக்கெட்டில் எட்டு மாதப் பழைய பாலி கிடந்தால் அந்தச் சோதனையை நம்பாதீர்கள். கடனாக வாங்கிய ராக்கெட் ஆனாலும் சொந்தச் செலவில் ஸ்ட்ரிங் போட்டுச் சோதிப்பது, பிடிக்காத ராக்கெட்டை வாங்குவதைவிட மலிவு.

பத்து நிமிடம் பழைய ராக்கெட்டில் உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு முதலாவது 15 நிமிடம், இரண்டாவது 15 நிமிடம், மீண்டும் முதலாவது 5 நிமிடம். அந்தக் கடைசி 5 நிமிடம் அவசியம். முதலில் எடுத்த ராக்கெட் எப்போதும் விநோதமாகத்தான் இருக்கும்; இரண்டாவது அந்த ஒப்பீட்டிலேயே ஜெயித்துவிடும். திரும்ப எடுக்கும்போதுதான் உண்மை தெரியும்.

ஒவ்வொன்றிலும்: 20 ஃபோர்ஹேண்ட், 20 பேக்ஹேண்ட், 10 வாலி, இரு பக்கமும் பத்துப் பத்து சர்வ், 10 சர்வ் ரிட்டர்ன். எத்தனை வெளியே போயிற்று, எத்தனை சர்வீஸ் கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தது என்று எண்ணிக் குறியுங்கள். "நல்லா இருக்கு" என்று எழுதாதீர்கள். ரிட்டர்னைக் கடைசியில் வையுங்கள். களைத்த கையில், வேகமான பந்தில், ராக்கெட்டின் குறை மறைய இடமில்லை.

குறிப்பைப் படிப்பது இப்படி. ரிட்டர்னிலும் வாலியிலும் ராக்கெட் கையில் திரும்பினால் ஸ்விங்வெயிட்டோ தலையின் பக்கவாட்டு எடையோ போதவில்லை, ஃப்ளெக்ஸ் காரணமல்ல. ஃபோர்ஹேண்ட் எல்லாம் தாமதமாகி வலப்பக்கம் ஓடினால் (வலக்கைக்காரருக்கு) ஸ்விங்வெயிட் அதிகம். நடுவில் பட்டது நன்றாகப் போய், நுனியில் பட்டது மட்டும் செத்து விழுந்தால், அங்கேதான் விறைப்பான ஃபிரேம் உதவும். நடுவில் பட்டதே கையை உலுக்கினால் முதலில் ஸ்ட்ரிங்கைச் சந்தேகப்படுங்கள், பிறகு ஆர்.ஏ.

பந்து அரை அடி வெளியே போவதை மட்டும் வைத்து "பவர் ஜாஸ்தி" என்று தள்ளிவிட வேண்டாம். அது டென்ஷனில் சரியாகும் குறை. வேறொரு நாள் இதையே மறுபடி செய்யுங்கள், வரிசையை மாற்றி.

8. ஸ்ட்ரிங்கும் டென்ஷனும்

ராக்கெட் முடிவானபின் ஃபீலை நுணுக்கமாகத் திருத்த இதுதான் இடம். முழு வீச்சில் டாப்ஸ்பின் அடித்து, மாதம் ஒரு முறை ஸ்ட்ரிங் அறுப்பவர் அல்ல என்றால் மல்டிஃபிலமென்ட்டில் (பல மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்த மென்மையான ஸ்ட்ரிங்) தொடங்குங்கள்: 1.30 மி.மீ., 52 பவுண்டு. பாலி என்றால் 1.25 மி.மீ., 48 பவுண்டு. பாலி இயல்பிலேயே விறைப்பு, அதனால் 3, 4 பவுண்டு குறைவு.

டென்ஷனைக் குறைத்தால் பந்தின் வேகம் கொஞ்சமே கூடும். மாறுவது அது கிளம்பும் கோணமும் விழும் ஆழமும். ஒரு முறைக்கு 2 பவுண்டு மட்டும் மாற்றுங்கள். 5 மாற்றினால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று தெரியாது.

பாலி அறுவதற்கு வெகுநாள் முன்பே செத்துவிடும். 15 மணி நேர ஆட்டத்துக்குப் பின் ஸ்ட்ரிங்குகள் நகர்ந்து, தானாகத் திரும்பாமல் அங்கேயே நின்றால் வெட்டிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ராக்கெட்டை வைத்தால் டென்ஷன் இன்னும் சீக்கிரம் இறங்கும். நேச்சுரல் கட் ஈரத்தில் கெடும். கடலோர ஊர்களில் அதைப் போடுபவர்கள் உறைக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது.

9. எடை ஒட்டித் திருத்துவது

சோதனையில் ஒரே ஒரு குறை மட்டும் மிஞ்சினால் ஈய டேப் போதும். கால் அங்குல அகல டேப் 10 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 1 கிராம். கூடும் ஸ்விங்வெயிட்டைக் கணக்கிட: கைப்பிடி அடியிலிருந்து டேப் வரை செ.மீ. தூரத்தில் 10 கழித்து, அதை அதனாலேயே பெருக்கி, கிராமால் பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும்.

நுனியில், 68 செ.மீ. தூரத்தில், 3 கிராம்: 58 × 58 × 3 ÷ 1000, அதாவது 10. தலையின் இரு பக்கமும், 52 செ.மீ. தூரத்தில், இரண்டிரண்டு கிராம்: 42 × 42 × 4 ÷ 1000, அதாவது 7. ரிட்டர்னில் திரும்பும் ராக்கெட்டுக்கு இரண்டாவதுதான் மருந்து. 5 கிராம் ஓவர்கிரிப் ஸ்விங்வெயிட்டை அசைக்காது, பேலன்ஸை மட்டும் 3, 4 மி.மீ. கைப்பக்கம் இழுக்கும்.

ஒரு தடவைக்கு 2 கிராமில் தொடங்குங்கள், இரண்டு ஆட்டம் ஆடியபின் மாற்றுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவுங்கள். சேர்க்கலாமே தவிரக் குறைக்க முடியாது என்பதால், இரண்டு ராக்கெட்டுக்கு நடுவில் ஊசலாடினால் லேசானதை வாங்குவது மேல்.

10. பணம் கொடுக்கும் முன்

தராசைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரே மாடலில் இரண்டு ராக்கெட் சில கிராம் வித்தியாசத்தில் வருவது சகஜம். சோதித்ததற்கு அருகில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மாடலின் பெயர் ஒன்றாக இருந்தாலும் புதிய பதிப்பில் ஆர்.ஏ. மாறியிருக்கலாம், எந்தப் பதிப்பில் ஆடினீர்களோ அதே பதிப்புதானா என்று பாருங்கள்.

பழைய ராக்கெட் என்றால் தலையின் உள்பக்கம் கிராமெட் துளைகளை (ஸ்ட்ரிங் நுழையும் பிளாஸ்டிக் துளைகள்) சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கீறலில் நகம் வழுக்கும், வெடிப்பில் மாட்டும். பலமுறை ஸ்ட்ரிங் போட்ட ஃபிரேம் சற்றே மென்மையாகியிருக்கும், அச்சடித்த எண்ணைவிட வளையும்.

ஒரே மாதிரி இரண்டு வாங்குவதென்றால் இரண்டையும் ஒன்றாக எடுங்கள். எடையில் 2 கிராமுக்குள்ளும் பேலன்ஸில் 3 மி.மீ.-க்குள்ளும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால் லேசானதில் டேப் ஒட்டிச் சமன் செய்தபின் இரண்டுக்கும் ஒரே நாளில் ஸ்ட்ரிங் போடக் கொடுங்கள்.